அந்தமானுக்குக் குடிவந்தவர்களுக்கு: நிலக்காட்சி, கடற்காட்சிப் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை மாற்றலாகியோ தொழில் நிமித்தமாகவோ போர்ட் பிளேருக்கு வந்து, சாமான் பெட்டியைப் பிரித்த கையோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போகிறவர்களுக்காக இது. பெயர்களைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜய புரம். ஹாவ்லாக், நீல் தீவுகள் 2018 முதல் ஸ்வராஜ் த்வீப், ஷாஹீத் த்வீப். மவுண்ட் ஹாரியட் 2021 முதல் மவுண்ட் மணிப்பூர். பேச்சில் பழைய பெயர்களே ஓடுவதால் இங்கும் அவைதான். கப்பல் டிக்கெட்டோ ஓத (கடல்நீர் ஏற்ற வற்ற) அட்டவணையோ தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுப் பாருங்கள்.

ஊரில் நன்றாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். இங்கே எல்லாப் படமும் வெளிறிப்போய் வருகிறதே?

கேமராவைக் குறை சொல்லுமுன் கடிகாரத்தைப் பாருங்கள். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. போர்ட் பிளேர் இருப்பது ஏறத்தாழ 92.7 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால், இங்கே சூரியன் கடிகாரத்தைவிட 41 நிமிடம் முந்துகிறது. சென்னையோடு ஒப்பிட்டால் சுமார் 50 நிமிடம், கோவையோடு ஒப்பிட்டால் ஒரு மணி நேரத்துக்கும் மேல்.

ஜூனில் சூரியன் காலை 4:55-க்கே எழுந்து மாலை 5:45-க்கு மறைகிறது. நவம்பர் கடைசியில் 4:50-க்கே மறைந்துவிடும். ஆண்டிலேயே தாமதமான உதயம் ஜனவரி கடைசியில், அதுவும் 5:45 மணிதான். ஊர் வழக்கப்படி 6 மணிக்குக் கிளம்பி 6:30-க்கு முக்காலியை விரிக்கிறவருக்கு ஜூனில் சூரியன் 20 பாகைக்கு மேல் ஏறியிருக்கும். படம் வெளிறத்தான் செய்யும். அலுவலகம் முடிந்து 5 மணிக்குமேல் கடற்கரைக்குப் போகலாம் என்ற திட்டமும் நவம்பர், டிசம்பரில் நடக்காது. அந்த மாதங்களில் வேலை நாட்களுக்குக் காலைதான்.

பொன்னொளி எவ்வளவு நேரம் நிற்கும்?

வடக்கே குளிர்நாடுகளில் சூரியன் அடிவானத்தை ஒட்டிச் சாய்ந்து சரிவதால் ஒரு மணி நேரம்கூட மஞ்சள் வெளிச்சம் கிடைக்கும். இங்கே அது ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. 6 பாகை உயரத்திலிருந்து கடலைத் தொட 25 நிமிடம். மறைந்தபின் வெளிச்சம் தங்குவது இன்னும் 20, 22 நிமிடம்.

அதனால் இடம் தேடுவது, வடிகட்டி மாட்டுவது, முக்காலி நிறுத்துவது எல்லாம் அந்த 25 நிமிடத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். மறைவுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சட்டகத்தை முடிவு செய்து, அதிலிருந்து அதிகம் நகராமல் இருப்பது நல்லது. வெளிச்சம் பார்த்து அங்குமிங்கும் ஓடுகிறவரிடம் நாற்பது படம் சேரும், ஒன்றும் தேறாது. சூரியன் மறைந்ததும் மூட்டை கட்டாதீர்கள். உயரத்தில் இருக்கும் மேகத்தின் அடிவயிறு சிவப்பது பெரும்பாலும் 8 முதல் 15 நிமிடம் கழித்துத்தான். சுற்றுலா வேன்கள் கிளம்பிப் போய்க் கடற்கரை காலியாவதும் அப்போதுதான்.

எந்த மாதம் எந்தக் கடற்கரை?

போர்ட் பிளேர் அட்சரேகையில் உதயமும் மறைவும் நேர் கிழக்கு, நேர் மேற்கிலிருந்து இரு பக்கமும் சுமார் 24 பாகை நகரும். ஜூனில் வடக்கே சாயும், டிசம்பரில் தெற்கே. கையை நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. ஆக நேர் மேற்கிலிருந்து இரண்டரை முஷ்டி வடக்கே, இரண்டரை முஷ்டி தெற்கே. சூரியன் மலைமுனைக்குப் பின்னால் மறையுமா, கடலிலேயே இறங்குமா என்பதை நின்ற இடத்திலேயே இப்படி அளந்துவிடலாம்.

உதயத்துக்கு: ராஸ் தீவைப் பார்த்த மெரினா பூங்காக் கரை, கார்பின்ஸ் கோவ், ஹாவ்லாக்கில் காலாபத்தர், நீலில் சீதாபூர். மறைவுக்கு: சிடியா டாப்பு, வண்டூர், ஹாவ்லாக்கில் ராதாநகர், நீலில் லட்சுமண்பூர். திசையோடு காற்றையும் பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கரைகள் கொந்தளிக்கும், கிழக்குக் கரைகள் குளம்போலக் கிடக்கும். வடகிழக்குக் காற்றில் கதை தலைகீழ். கண்ணாடி போன்ற நீர் வேண்டுமா, பாறையில் சிதறும் அலை வேண்டுமா என்று முடிவு செய்துகொண்டு கரையைத் தேர்ந்தெடுங்கள்.

நடுப்பகலில் கேமராவைத் தொடவே கூடாது என்கிறார்களே?

அது குளிர்நாட்டுப் பாடம். இங்கே பாதிதான் உண்மை. பவளத்திட்டு சூழ்ந்த ஆழமில்லாத நீரின் பச்சை, நீல அடுக்குகள் சூரியன் உயரத்தில் இருக்கும்போதுதான் தெரியும். தாழ்ந்த வெயிலில் ஒளி நீரின் மேற்பரப்பில் பட்டுத் தெறித்துவிடுகிறது, உயர்ந்த வெயிலில் அடிமணல்வரை இறங்கித் திரும்புகிறது. காலை 9 முதல் 12 வரை, வானத்தில் பஞ்சுமேகம் இருந்தால் இன்னும் நல்லது. இங்கே சூரிய உச்சி வருவது கடிகாரத்தில் சுமார் 11:20-க்கு என்பதையும் மறக்க வேண்டாம். ஏப்ரல் 20, ஆகஸ்ட் 23 ஒட்டிய நாட்களில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும். அப்போது தென்னைமரத்தின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். நிலக்காட்சிக்கு அது வறண்ட வெளிச்சம்தான், நீருக்கு மட்டும் விருந்து.

இந்த நேரத்தில் போலரைசர் (தெறிக்கும் பளபளப்பைக் குறைக்கும் வடிகட்டி) கட்டாயம். நீர்ப்பரப்பை ஏறத்தாழ 37 பாகை சரிவில் பார்க்கும்போது அது கண்கூச்சத்தை அதிகம் அகற்றும். கிட்டத்தட்டக் காலடியில் தொடங்கி நடுத்தூரம் வரையுள்ள நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கும் (வெளிச்சம் பாதியாவதோ இரட்டிப்பாவதோ ஒரு ஸ்டாப்). முழுச்சட்டக் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 24 மி.மீ.க்குக் குறைந்த லென்ஸில் வானம் ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளிர் என்று திட்டுத்திட்டாக வரும். வளையத்தை முழுக்கத் திருப்பாமல் பாதியில் நிறுத்துங்கள், அல்லது வானத்தைக் குறைத்துவிடுங்கள்.

வெண்மணலைக் கேமராவின் மீட்டர் சாம்பலாக்கப் பார்க்கும். 0.7 முதல் 1.3 ஸ்டாப் வரை கூட்டிவைத்து, ஹிஸ்டோகிராம் (திரையில் தெரியும் வெளிச்ச வரைபடம்) வலது ஓரத்தை முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்றம், வற்றம் பார்த்துத்தான் போக வேண்டுமா?

கடற்காட்சிக்கு வானிலையைவிட இதுதான் முக்கியம். சென்னைக் கடற்கரையில் பழகியவர்கள் இதைக் குறைத்து எடைபோடுகிறார்கள். அங்கே பௌர்ணமியிலும் ஏற்ற வற்ற வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான், மணற்கரையில் அது கண்ணில் படாது. இங்கே அமாவாசை, பௌர்ணமி ஒட்டி அது இரண்டு மீட்டரை நெருங்கும். கரையோ தட்டையான பவளப்பாறை. காலையில் அலை தழுவிய இடம் மதியம் இருநூறு அடிக்கு வெறும் பாசித் தரையாகக் கிடக்கும். அதே இடம், அதே வெளிச்சம், ஆனால் படம் வேறு.

நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். குடியிருப்பவருக்குப் பயன்படும் ஒரு கணக்கு இதில் ஒளிந்திருக்கிறது. ஒரு கரையில் பௌர்ணமி, அமாவாசை நாட்களின் வற்றம் எப்போதும் ஏறக்குறைய ஒரே மணிக்குத்தான் வரும். உங்கள் கரையில் அது எத்தனை மணி என்று ஒருமுறை குறித்துவிட்டால், நாள்காட்டியில் திதியைப் பார்த்தே மாதத்தில் எந்த நாட்களில் உதயத்தோடோ மறைவோடோ வற்றம் கூடும் என்று சொல்லிவிடலாம். அஷ்டமி ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் மட்டமாக இருக்கும்.

நீர் ஒரே சீராக ஏறுவதில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் 1 பங்கு, அடுத்து 2, 3, 3, 2, 1. இரண்டு மீட்டர் ஏற்றத்தில் நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் மணிக்கு அரை மீட்டர் ஏறும். பாறைத்திட்டில் நின்று கேமராவிலேயே கண்ணாக இருப்பவருக்குப் பின்னால் வழி அடைபடுவது இந்த நேரத்தில்தான். திரும்பும் வழியில் உள்ள மிகத் தாழ்வான இடத்தில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அது நனைந்தால் கிளம்ப வேண்டும்.

எதற்கு எந்த நீர்மட்டம்? நீல் தீவின் இயற்கைப் பாலம், லட்சுமண்பூரின் பாறைக்குளங்கள், வடக்கே டிக்லிபூர் அருகே ராஸ், ஸ்மித் தீவுகளை இணைக்கும் மணல்திட்டு எல்லாம் வற்றத்துக்கு. (போர்ட் பிளேர் எதிரில் உள்ள ராஸ் வேறு, இந்த ராஸ் வேறு.) காலாபத்தரின் கரும்பாறைகளுக்கு நடுமட்டத்தில் ஏறிவரும் நீர் நல்லது, அலை பாறைகளுக்கு இடையே புகுந்து வெள்ளைக்கோடு போடும். கண்டல் காட்டுக்கு முழு ஏற்றம். வேர்கள் மறைந்தாலும் சேறு மறைந்து பிரதிபலிப்பு கிடைக்கும். வேர்கள்தான் வேண்டும் என்றால் ஏற்றம் தொடங்கி ஒன்றரை மணி நேரத்தில் போங்கள்.

பாறையில் நிற்பது, நீரில் இறங்குவது எவ்வளவு பாதுகாப்பு?

முக்காலி விரிக்குமுன் 15 நிமிடம் சும்மா நின்று அலையைப் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக, இடைவெளி விட்டு வரும். நீங்கள் நிற்கப்போகும் பாறை ஏற்கெனவே நனைந்திருந்தால் அது அலையின் இடம், உங்களுடையது அல்ல. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் உயர் அலை எச்சரிக்கைகள் வெளியிடுகிறது, கிளம்புமுன் பாருங்கள்.

முதலை விஷயத்தில் வீறாப்பு வேண்டாம். இங்கே உவர்நீர் முதலைகள் உண்டு. ஹாவ்லாக்கில் 2010-ல் ஒரு சுற்றுலாப் பயணி முதலை தாக்கி இறந்தார். ஓடை கடலில் கலக்கும் முகத்துவாரம், கண்டல் ஓரம், எச்சரிக்கைப் பலகை உள்ள இடம், இங்கெல்லாம் அந்தி நேரத்தில் நீர் விளிம்பில் குனிந்து முக்காலி சரிசெய்யக் கூடாது. கடற்காட்சிக்காரர் வேலை செய்யும் அதே அரையிருட்டுதான் அதற்கும் தோதான நேரம்.

உயிருள்ள பவளத்தின் மேல் கால் வைக்கக் கூடாது, செத்த பவளம் காலைக் கிழிக்கும். அடி தடித்த ரப்பர் செருப்பு போதாது, குதிகால் மூடிய நீர்க்காலணி வேண்டும். மணல்ஈ கடிக்கு முழுக்கால் சட்டைதான் மருந்து. டீட் கலந்த கொசுமருந்து பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கரைக்கும், தடவிய கையோடு கேமராவைத் தொடாதீர்கள்.

அலைக்கு எவ்வளவு ஷட்டர் வேகம்? என்டி வடிகட்டி எத்தனை வாங்குவது?

அலை உடைந்து சிதறுவதை உறைய வைக்க 1/1000 நொடி அல்லது அதைவிட வேகம். மணலில் ஏறித் திரும்பும் நுரை கோடுகோடாக வர 1/4 முதல் 1 நொடி. நீர் திரும்பத் தொடங்கிய கணத்தில் அழுத்துங்கள், முன்னேறும்போது எடுத்தால் வெள்ளைப் பிசுபிசுப்பாகத்தான் வரும். பாறை சுற்றிப் பனிமூட்டம்போல வர 30 நொடிக்கு மேல். இந்த மூன்றாவதை எல்லோரும் முதலில் செய்கிறார்கள், சீக்கிரம் சலித்துவிடும். அரை நொடியில்தான் அலையின் உருவமும் ஓட்டமும் சேர்ந்து நிற்கும்.

என்டி என்பது நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கருங்கண்ணாடி. 6 ஸ்டாப் வடிகட்டி ஒன்று போதும். வெளிச்சத்தை 64-ல் ஒரு பங்காக்கும், ஆக 1/60 நொடி 1 நொடியாகும். 10 ஸ்டாப் அதையே சுமார் 17 நொடியாக்கும், அதை இரண்டாவதாக வாங்கலாம். திருப்பித்திருப்பி அடர்த்தி கூட்டும் மாறு-என்டி வேண்டாம். அகல லென்ஸில் அடர்த்தி கூட்டும்போது சட்டகத்தின் குறுக்கே பெருக்கல் குறிபோலக் கரும்பட்டை விழும்.

வானம் வெளுக்கிறது, மலை கறுக்கிறது. பாதி அடர்த்தி வடிகட்டி (மேல்பாதி மட்டும் கருத்தது) வாங்கலாமா?

இங்கே அடிவானம் வெட்டவெளியாகக் கிடைப்பது அபூர்வம். ஏதாவது ஒரு தீவோ காடடர்ந்த முனையோ கோட்டைத் தாண்டி நிற்கும். கூர்மையான விளிம்புள்ள வடிகட்டி அந்த மலையைக் கரித்துண்டாக்கிவிடும். மென்விளிம்பு 3 ஸ்டாப் சரியாக வரும். அதைவிட எளிது, 2 ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்துக் கணினியில் சேர்ப்பது. அலைக்கு நடுப் படம், வானத்துக்குக் குறைவான படம். மூன்றிலும் அலை வெவ்வேறாக இருக்கும் என்பதால் மென்பொருள் தானாகச் செய்யும் எச்டிஆர் கூட்டலை நம்பாமல், முகமூடி போட்டு (வேண்டாத பகுதியை மறைத்து) கையால் சேருங்கள்.

எங்கே குவியம் வைப்பது?

லென்ஸ் துளை எஃப் 8 முதல் 11 வரை. 16-ஐத் தாண்டினால் சிறுத்த துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் கூர்மை குறையும். முழுச்சட்டக் கேமராவில் 24 மி.மீ., எஃப் 11 என்றால் 1.8 மீட்டரில் குவித்தால் 0.9 மீட்டரிலிருந்து தொலைவு முழுக்கத் தெளிவாகும். ஏட்டுக்கணக்கு அது. பெரிதாக அச்சிடுவதானால் கொஞ்சம் தள்ளி, இரண்டரை மீட்டரில் குவியுங்கள்.

வீட்டிலிருந்து வெளியே எடுத்ததும் லென்ஸ் புகைமூட்டமாகிறது.

ஏசி அறை 24 பாகை செல்சியஸ். வெளியே 30 பாகை, ஈரப்பதம் 80% என்றால் பனிநிலை சுமார் 26. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருளிலும் நீர் கோக்கும், கண்ணாடியின் உள்பக்கத்திலும். துடைத்தால் மறுபடி கோக்கும், எண்ணெய்ப் பிசுக்கோடு தேய்ந்து இன்னும் மோசமாகும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினால் ஈரக்காற்று சென்சார்வரை போகும்.

கிளம்பும் அறையிலேயே கேமராவைக் கனமான ஜிப் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடுங்கள். வெளியே கொண்டுவந்து 30 முதல் 45 நிமிடம் பையைத் திறக்க வேண்டாம். நீர் பையின் வெளிப்புறத்தில் கோக்கும், கேமரா மெல்லச் சூடேறும். இதைவிட நல்லது, விடியலுக்குப் போகும் முந்தின இரவே பையை ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுவது. காரில் போனால் ஏசியை அணைத்துவிடுங்கள்.

பூஞ்சை வராமல் எப்படிக் காப்பாற்றுவது?

இந்தத் தீவுகளில் லென்ஸுக்கு எமன் இதுதான். போர்ட் பிளேரில் ஆண்டு மழை சுமார் 3,000 மி.மீ. மழை மாதங்களில் அலமாரிக்குள் தோல்பெல்ட் பூத்துவிடும் என்றால் லென்ஸ் எம்மாத்திரம். 60 முதல் 65% ஈரப்பதத்துக்கு மேல் இருட்டிலும் அசையாத காற்றிலும் கிடந்தால் பூஞ்சை வளரும். கேமராப் பையின் நுரைப்பஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பை சுமக்கத்தான், சேமிக்க அல்ல. லென்ஸோடு வரும் தோலுறையைத் தூக்கிப் போடுங்கள்.

மின்சார ட்ரை கேபினெட் வாங்க முடிந்தால் 40 முதல் 50% வரை வைத்து ஓடவிடுங்கள். சில மணி நேர மின்தடையில் கதவைத் திறக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. முடியாதவர்களுக்கு: ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகா டப்பா, 15 முதல் 20 லிட்டர், அதில் 500 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அவனில் 110 முதல் 120 பாகையில் 2, 3 மணி நேரம் வைத்தால் மீளும். வாணலியில் சிறுதீயில் கிளறினாலும் சரி, ஆனால் சமையல் பாத்திரத்தில் வேண்டாம். நீல நிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருப்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. அரிசி போடுகிறவர்கள் மாவுத்தூசியைத்தான் போடுகிறார்கள். ஈரப்பதம் 30%-க்குக் கீழே போகவும் விடாதீர்கள், ரப்பரும் மசகும் வறளும்.

மலிவு ஈரமானிகள் 10% வரைகூடப் பொய் சொல்லும். ஒரு மூடியில் சமையல் உப்பைச் சில துளி நீர் விட்டுக் குழைத்து, ஈரமானியோடு ஜிப் பையில் மூடி ஒரு இரவு வையுங்கள். காலையில் 75% காட்ட வேண்டும். 70 காட்டினால் இனி எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள்.

மாதம் ஒருமுறை லென்ஸின் துளையை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திவலை இழைபோலத் தெரிந்தால் சீக்கிரம் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். தாமதித்தால் அதன் அமிலம் பூச்சை அரித்துவிடும், பிறகு துடைத்தாலும் தடம் போகாது. வெயிலில் காயவைத்தால் செத்துவிடும் என்று மூடியில்லாமல் மொட்டைமாடியில் வைக்காதீர்கள். லென்ஸ் பூதக்கண்ணாடியாகி எதையாவது எரித்துவிடும். மிக நல்ல தடுப்பு, வாரம் ஒருமுறையாவது வெளியே கொண்டுபோய்ப் படம் எடுப்பது.

உப்பு?

லென்ஸில் தெறித்த உப்புநீர் காய்ந்தால் படிகமாகும். அதை உலர்ந்த துணியால் தேய்ப்பது மணல்தாளால் தேய்ப்பதற்குச் சமம். நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் ஒற்றி எடுத்து, பிறகு உலர்ந்த துணி. கடலோரத்தில் மட்டும் யுவி வடிகட்டி மாட்டுவது இதற்காகத்தான்.

முக்காலியை நீரில் நிறுத்தும்போது மெல்லிய கீழ்க்கணுவை முதலில் முழுக்க நீட்டுங்கள். பூட்டுகள் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும். மணலில் அழுத்திப் புதைத்து, ஒரு அலை வந்து போனபின் சட்டகத்தைச் சரிபார்க்கவும். திரும்பும் அலை காலடி மணலை அரிப்பதால் முதல் படம் எப்போதும் ஆடியிருக்கும். வீட்டில் வாளி நல்ல நீரில் 10 நிமிடம் ஊறவிட்டு, கால்களை நீட்டியபடியே காயவிடுங்கள். மாதம் ஒருமுறை திருகுப் பூட்டுகளைக் கழற்றி மணல் நீக்கிப் புது கிரீஸ். அலுமினிய முக்காலியை இப்படிச் செய்யாவிட்டால் பூட்டுகள் வெள்ளைத்தூள் பூத்து இறுகிவிடும்.

மழைக்காலம் முழுக்க வீட்டில் உட்கார வேண்டியதுதானா?

வேண்டாம். தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் தொடுவது இந்தத் தீவுகளைத்தான், மே மூன்றாம் வாரம் வாக்கில். அதற்கு முந்தைய பத்து நாளும், மழை இடைவிடும் மாலைகளும் மேகத்துக்கு ஆண்டிலேயே சிறந்தவை. டிசம்பர் முதல் மார்ச் வரை வானம் துடைத்த நீலம். சுற்றுலாவுக்குச் சுகம், படத்துக்குக் கொஞ்சம் வெறுமை.

மூடிய வானத்தில் காட்டுக்குள் போங்கள். குர்ஜன், படாக் மரங்களின் கீழே வெயில் நாளில் வெள்ளைப்புள்ளியும் கருப்புப் பள்ளமுமாகத்தான் வரும். தூறலில் பச்சை ஒரே சீராகப் படியும். இலை மேலுள்ள ஈரப் பளபளப்பைப் போலரைசர் எடுத்தால் நிறம் இரட்டிப்பாகும். இலைக்கூரை இடைவெளியில் தெரியும் வானத்தைச் சட்டகத்தில் விடாதீர்கள். மவுண்ட் ஹாரியட் பாதையில் அட்டைகளுக்கு உப்பும் நீளக் காலுறையும்.

எல்லோரும் எடுத்த படத்தையே நானும் எடுக்கிறேன். வேறென்ன இருக்கிறது?

பழைய 20 ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருக்கும் தென்னையும் கலங்கரை விளக்கமும் மவுண்ட் ஹாரியட் பாதையிலிருந்து தெரியும் காட்சி. ஒருமுறை எடுத்துவிட்டு நகருங்கள். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் தரை ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. போர்ட் பிளேர் அருகே சிப்பிகாட்டில் வயல்களுக்குள் கடல் புகுந்து அப்படியே தங்கிவிட்டது, உப்பேறிச் செத்த மரங்கள் நீரில் நின்றன. காற்று எழுமுன் விடியலில் நீர் கண்ணாடியாகும். 70 முதல் 200 மி.மீ. லென்ஸ் போட்டு இரண்டு, மூன்று மரங்களை மட்டும் பிரித்தெடுங்கள். சிடியா டாப்பு, வண்டூர் கரைகளில் சாய்ந்து கிடக்கும் மரங்களும் அந்த ஆழிப்பேரலையின் மிச்சம். அகல லென்ஸை முழங்கால் உயரத்துக்கு இறக்கினால் வேர்முடிச்சு படத்தின் முன்புலமாகிவிடும்.

ஒரே கரையை ஏற்றம், வற்றம், பருவம் மாற்றி மாற்றி ஒரு ஆண்டு எடுப்பது மூன்று நாள் தங்கும் பயணிக்கு வாய்க்காது. வீட்டுக்குப் பக்கத்துக் கரையையே தேர்ந்தெடுங்கள்.

பால்வெளி தெரியுமா?

நன்றாகத் தெரியும், ஆனால் பருவம் குறுகியது. மையப்பகுதி பிப்ரவரியிலிருந்து விடியலுக்கு முன் எழும், மே நடுவில் மழைமேகம் மூடிவிடும். மார்ச் நடுவில் அதிகாலை 2:30 முதல் 4 மணிவரை, தென்கிழக்கிலிருந்து தெற்கு. நான்கைத் தாண்டினால் வானம் வெளுக்கத் தொடங்கும். 20 மி.மீ., எஃப் 2.8, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 3200, 15 நொடி. அமாவாசை இருட்டோடு பெரும் ஏற்றமும் சேர்ந்து வரும் என்பதால் முக்காலியை மேட்டில் வையுங்கள். நிலவில்லா இரவில் ஹாவ்லாக் கரையில் நீர் அசைந்தால் நீலப் பொறி பறப்பதுண்டு. அதற்கும் ஏறக்குறைய இதே அமைப்புதான், நொடியை மட்டும் 25 ஆக்குங்கள்.

கணினியில் திருத்தும்போது?

ரா கோப்பில் (கேமரா திருத்தாத மூலப் பதிவில்) எடுங்கள். ஈரக்காற்று தூரத்துத் தீவை மங்கலாக்கும், அதற்காகத் திருத்தும் மென்பொருளின் புகைநீக்கியை (டீஹேஸ்) 20-க்கு மேல் தள்ளினால் காடு அழுக்குப்பச்சையாகும். வானத்துக்கு மட்டும் தனியாகப் போடுங்கள். நீரின் பச்சைநீலத்தைக் கூட்டாதீர்கள், குறைத்தால்தான் பார்ப்பவர் நம்புவார்.

செல்போன் போதுமா?

பகல்நீருக்கும் விடியலுக்கும் போதும். அலை இழுப்புக்குச் சின்ன முக்காலியும் நேரங்காட்டியும் வேண்டும். திரையில் அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு ஒரு படி குறையுங்கள். முக்கியமாக லென்ஸைத் துடையுங்கள், பாதி மங்கல் விரல்ரேகைதான்.

எங்கெல்லாம் எடுக்கக் கூடாது?

அந்தமான் பெருஞ்சாலையில் ஜாரவா பழங்குடியினரின் காப்புப்பகுதி வழியே வாகன அணி போகும்போது கேமரா பைக்குள் இருக்க வேண்டும், செல்போனும்தான். பழங்குடியினரைப் படம் எடுப்பது 1956-ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். விமான நிலையம், கடற்படைப் பகுதிகள், தடைப்பலகை உள்ள துறைமுகப் பகுதிகளிலும் கூடாது. முன் அனுமதியில்லாமல் டிரோனைப் பெட்டியிலிருந்து எடுக்கவே வேண்டாம். படத்தின் முன்புலத்துக்காகச் சங்கு, பவளம் பொறுக்கி அடுக்குவதும் தவிர்க்க வேண்டியது. அவற்றை எடுத்துச் சென்று பிடிபட்டால் வனத்துறை வழக்கு.

ஹாவ்லாக்கை ஒரே நாளில் போய் வந்து எடுக்க முடியுமா?

போய் வரலாம், எடுக்க முடியாது. முதல் கப்பல் சேருமுன் விடிந்திருக்கும், கடைசிக் கப்பல் மறைவுக்கு முன் கிளம்பிவிடும். கிடைப்பது நடுப்பகல் மட்டும். குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். காலை காலாபத்தர், பகலில் விஜயநகர், மாலை ராதாநகர். பருவமழையில் கப்பல் ரத்தானால் மூன்றாவது இரவும் உண்டு, அதற்கு ஒரு உபரி பேட்டரியும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் பையில் இருக்கட்டும்.